பியாங் என்று நான் எழுதிய முழங்கை

போஹோல் தீவு,
1996 செப்டம்பர் 8

என் மகள் கிளாரிட்டாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

இங்கே நான் நலம், உன் அம்மா நலம், பன்றி நலம், அது போட்ட ஒன்பது குட்டிகளும் நலம், உன் மகள் மெலோய் முக்கால் நலம். மீதிக் கால் பங்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே ஹாங்காங்கில் நீயும், நீ பார்த்துக்கொள்கிற அந்தப் பெரியவரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே இதைப் படிக்காதே, அவர் சட்டையில் கொட்டிவிடுவாய். வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படி. முதலில் இதைத் தெரிந்துகொள், பிள்ளையின் உயிருக்கு ஒன்றும் இல்லை, இடது கை அதன் இடத்தில் இருக்கிறது, ஐந்து விரலும் ஆடுகின்றன, நேற்று அந்தக் கையாலேயே என் மூக்கைப் பிடித்துத் திருகினாள். முழங்கையில் எலும்பு முறிந்து, சிபு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து, இரண்டு கம்பி வைத்து, கம்பியையும் எடுத்தாகிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறேன் என்று திட்டுவாய், திட்டு. கம்பி எடுக்கட்டும், எழுதலாம் என்று தள்ளினேன், கம்பி எடுத்த பிறகு குட்டி போடட்டும், எழுதலாம் என்று பன்றிமேல் பழியைப் போட்டுத் தள்ளினேன். இன்று உன் அம்மா அகப்பையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இனி தள்ள வழியில்லை.

ஜூலையில் போட்ட கடிதத்தில் மெலோய் முற்றத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள், கொஞ்சம் பியாங், சரியாகிவிடும் என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியில் இரண்டு தப்பு. வழுக்கினாள் என்பது நான் தெரிந்தே சொன்ன பொய். பியாங் என்பது நான் தெரியாமல் சொன்னது. நம் ஊரில்தான் உனக்குத் தெரியுமே, கால் சுளுக்கினால் பியாங், மூட்டு நழுவினால் பியாங், பிள்ளைக்குக் காய்ச்சலும் இருமலும் வந்து நெஞ்சு இழுத்தால்கூட எங்கேயோ விழுந்திருக்கிறது, பியாங்தான், தடவிவிடு என்போம். உனக்கு ஏழு வயதில் அம்மை போட்டபோதுகூட உன் பெரியப்பா பியாங் என்றுதான் சொன்னார். அப்படி எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருந்தால் வசதிதான், எதையும் விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அந்த வசதி அன்றைக்கு ரொம்பத் தேவைப்பட்டது.

விழுந்த அன்று சாயங்காலமே முழங்கையின் வெளிப்பக்கம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. உன் அம்மா எலும்பு தடவுகிற பிசிங் அக்காவைக் கூட்டிவந்தாள். அவள் தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, தோளிலிருந்து தடவிக்கொண்டே வந்தவள், முழங்கையின் வெளிப்பக்கம் விரல் பட்டதும் கையை எடுத்துவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "என்ன அக்கா, எண்ணெய் தீர்ந்துபோச்சா, வித்தை தீர்ந்துபோச்சா?" என்றேன். "வாயை மூடு டூலோய். உள்ளே ஏதோ மிதக்குது. இது என் கைக்கு அடங்குற வேலை இல்ல, போய்ப் படம் எடு" என்றாள். நாற்பது வருஷமாக ஊரையே தடவுகிறவள் தடவ மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். மறுநாள் காலைப் படகில் டவுனுக்குப் போனோம். அங்கே ஒரு சின்ன கிளினிக், ஒரு இளவயது டாக்டர், வாசலில் முப்பது பேர் காத்திருந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்டார். பியாங் டாக்டர், முற்றத்தில் வழுக்கிட்டா என்றேன். அவரும் நம் பக்கத்துப் பிள்ளைதான், தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பின் ஓரமாக அரிசி மாதிரி ஒரு துணுக்கு தனியாகத் தெரிந்தது, எனக்கே தெரிந்தது. கேட்டேன். "சின்னப் பிள்ளைங்க முழங்கையில எலும்பு துண்டு துண்டாத்தான் தெரியும், வளர வளர ஒட்டிக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லி, கழுத்தில் துணி கட்டிக் கையைத் தொங்கவிட்டு அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்லாதே. அவர் சொன்னது பொதுவாக உண்மையாம், பின்னால் சிபு டாக்டரம்மாவே சொன்னார். ஒரே ஒரு சொல்லைக் கொடுத்து வைத்தியம் கேட்டால் அந்தச் சொல்லுக்குத்தானே வைத்தியம் பார்ப்பார்கள்.

துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பதினோரு நாள் சுற்றினாள். வீக்கம் வடிந்தது, ஆனால் கையை நீட்டவும் மாட்டாள், முழுதாக மடக்கவும் மாட்டாள். வெளிப்பக்கத்தில் கொட்டை மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. உனக்கு நான் எழுதிய அந்தக் கடிதம் இந்தப் பதினோரு நாளுக்குள் எழுதியதுதான். டாக்டரே சுளுக்கு என்றுவிட்டார், இனித் தடவலாம் இல்லையா என்று உன் அம்மா மறுபடி பிசிங் அக்காவைக் கூப்பிட்டாள். அவள் வந்து எண்ணெயைத் தொடவே இல்லை. பிள்ளையின் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பியாங்னு டாக்டர் சொன்னாரா, நீ சொன்னியா?" என்றாள். நான் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார் என்றேன். "அப்ப அது உன் வாயால வந்த பியாங். அதை எலும்பு கேட்டுக்குமா? சிபுவுக்குக் கூட்டிட்டுப் போ மனுசா, உன் கேலியெல்லாம் திரும்பி வந்து வச்சுக்க" என்று எழுந்து போய்விட்டாள். உன் அம்மா அன்றே துணியை மூட்டை கட்டினாள்.

சிபுவில் எலும்பு டாக்டர் ஒரு பெண், பெயர் யபானா, என் தோள் உயரம்கூட இருக்க மாட்டார், குரல் மட்டும் திருவிழா ஒலிபெருக்கி. என்ன ஆச்சு என்று அவரும் கேட்டார். நான் பியாங் என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "பேரைச் சொல்லாதீங்க பெரியவரே. பேரு வைக்கத்தான் நான் இருக்கேன். எங்கேருந்து விழுந்தா, எந்தக் கையை ஊன்றினா, அதை மட்டும் சொல்லுங்க." பெரியவராம், எனக்கு ஐம்பத்தொன்று. அதற்குப் பதில் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் மெலோயிடமே குனிந்து, நீ சொல்லு கண்ணு, எப்படி விழுந்தே என்றார். உன் மகள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். ஐந்தரை வயதுப் பிள்ளை, சொல்லலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்கிறது. "லோலோ சொல்வாரு" என்று இந்தத் தாத்தாவைக் கைகாட்டினாள். தாத்தா சொல்லிக் கொடுத்த பொய்யைத் தாத்தாவே விடச் சொன்னால்தான் விடுவாள், அவ்வளவு நம்பிக்கையான பிள்ளையாக வளர்த்திருக்கிறோம்.

சொன்னேன். உனக்கும் அதே வரிசையில் சொல்கிறேன். அன்று காலை கள் இறக்க ஓரத்துத் தென்னை மரத்தில் ஏறப் போனேன், நானும் வருவேன் என்று பின்னாலேயே வந்தாள். மரத்தில் நான் கால் வைக்க வெட்டியிருக்கிற வெட்டில் அவளைத் தூக்கி நிறுத்தினேன், தரையிலிருந்து மூன்றாவது வெட்டு, என் நெஞ்சு உயரம். கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டு, எட்டிப் பார், ஹாங்காங் தெரிகிறதா, உங்கம்மா தெரிகிறாளா பார் என்று விளையாட்டுக்குச் சொன்னேன். பிள்ளை நிஜமாகவே பார்த்தாள். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று வலது கையை மரத்திலிருந்து எடுத்து நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒற்றைக் கையால் எவ்வளவு நேரம் நிற்க முடியும், நான் எட்டிப் பிடிப்பதற்குள் கீழே வந்துவிட்டாள், இடது உள்ளங்கையை விரித்து ஊன்றிக்கொண்டு. பாட்டியிடம் முற்றத்தில் வழுக்கினேன் என்று சொல்லு, இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு கிடைக்காது என்று அவளிடம் நான்தான் சொன்னேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த உன் அம்மாவும் அப்போதுதான் இதை முதல் தடவையாகக் கேட்டாள். "பாவி மனுசா, பிள்ளை வழுக்கின இடம்னு நான் பதினோரு நாளா முற்றத்துல பன்றித் தொட்டிகிட்ட பாசியைச் சுரண்டிட்டு இருந்தேனே. சாம்பல் கொட்டினேனே. நீயும் கூட நின்னு அந்த ஓரம் விட்டுப்போச்சுன்னு காட்டினியே" என்றாள். ஆமாம், காட்டினேன். அதுதான் எனக்கே பொறுக்கவில்லை. அதற்கப்புறம் மூன்று நாள் அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

நெஞ்சு உயரத்திலிருந்து, விரித்த கைமேல் விழுந்தாள் என்று தெரிந்ததும் டாக்டரம்மா புதிதாகப் படம் எடுக்கச் சொன்னார். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கையை உள்பக்கமாகச் சாய்த்து ஒன்று. சாய்த்து எடுத்தால்தான் அந்த வெளிப்பக்கத்து உடைப்பு மறைவில்லாமல் தெரியுமாம். மூன்றும் முடிந்ததும் படம் எடுக்கிற ஆள் உன் மகளின் வலது கையைப் பிடித்துப் பலகையில் வைத்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, கை இதில்ல, அது. காலையில சாப்பிட்டியா இல்லையா? நாளைக்குக் கத்தி வைக்கும்போதும் இப்படித்தான் மாத்தி வைப்பீங்களா?" என்று சத்தம் போட்டேன், வெளியே காத்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவன் அசரவே இல்லை. "நல்ல கை எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே ஐயா கெட்ட கையில என்ன கெட்டுச்சுன்னு தெரியும், டாக்டர்தான் எடுக்கச் சொன்னாங்க" என்றான். பிசிங் அக்கா நம் வீட்டு வாசலில் இரண்டு கையையும் நீட்டச் சொன்னாளே, அதையேதான் இங்கே மிஷின் வைத்துச் செய்கிறார்கள்.

இரண்டு கைப் படங்களையும் வெள்ளை விளக்குமேல் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி டாக்டரம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டார். என்ன தொழில் என்றார், கள் இறக்குகிறேன் என்றேன். அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம் என்று ஆரம்பித்தார். சின்னப் பிள்ளையின் எலும்பு முனையெல்லாம் இன்னும் எலும்பாகவில்லையாம், குருத்தாகத்தான் இருக்குமாம், தென்னையின் உச்சியில் இருக்கிறதே அந்த மாதிரி வெள்ளையாக, மெத்தென்று. அந்தக் குருத்திலிருந்துதான் எலும்பு நீளுமாம். குருத்து படத்தில் விழாது, கெட்டியானது மட்டும்தான் விழும், அதனால்தான் பிள்ளைகளின் முழங்கையில் மணி மணியாக மிதப்பது போலத் தெரிகிறது. நல்ல கையில் அந்த மணி இருக்க வேண்டிய இடத்தில் உருண்டையாக இருந்தது. இடது கையில் அதே மணி இறங்கி, சாய்ந்து நின்றது, பக்கத்தில் அந்த அரிசித் துணுக்கு. "படத்துல அரிசி அளவு தெரியுது பாருங்க, அதோட சேர்ந்து பிச்சுக்கிட்டு வந்த குருத்து உள்ளே புளியங்கொட்டை அளவு இருக்கும். மணிக்கட்டைத் தூக்குற சதையெல்லாம் அந்தத் துண்டுலதான் ஒட்டியிருக்கு, அது தினமும் இழுத்துக்கிட்டே இருக்கும், மூட்டுத் தண்ணி வேற நடுவுல ஊறும். தானா ஒட்டாது" என்றார். முதல் நாளே, துண்டு நகராமல் இருந்திருந்தால், வெறும் மாவுக்கட்டு போட்டு வாரத்துக்கு ஒரு படம் எடுத்துப் பார்த்திருக்கலாமாம். இது நாலு நெல்லளவு நகர்ந்துவிட்டது, அறுத்து எடுத்து வைத்துத்தான் ஆக வேண்டும், இன்னும் ஒரு வாரம் தாண்டினால் அதுவும் கஷ்டம் என்றார். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றேன். கை வெளிப்பக்கமாக வளைந்துகொண்டே வளரும், கல்யாண வயதில் சுண்டுவிரல் மரத்துப்போகும், பிடித்த பொருள் நழுவும் என்றார். நானும் எத்தனை மரத்தில் குருத்து வண்டு பார்த்திருக்கிறேன். அடிமரம் இரும்பு மாதிரி நிற்கும், குருத்தில் அடி பட்டுவிட்டால் அடுத்து வருகிற ஓலை கோணலாகத்தான் வரும். இதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கையெழுத்துப் போடுகிற தாளில் தாய் அல்லது தகப்பன் என்று இருந்தது. மாப்பிள்ளை கப்பல் வேலையில் நடுக்கடலில், நீ ஹாங்காங்கில். உன் முதலாளியம்மா வீட்டு போன் நம்பரை நான் வீட்டில் நாட்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு வந்திருந்தேன். அடுத்த படகில் போய் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன், அறுக்க நாளைக் காலையில் இடம் இருக்கிறது, அப்புறம் எட்டு நாள் கழித்துத்தான் என்றார்கள். உன் பெயர் வர வேண்டிய இடத்தில் என் பெயரை எழுதினேன் மகளே. மூன்றாம் வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்து, அன்றைக்குப் போல ஒருநாளும் நிறுத்தி எழுதியதில்லை. பிள்ளையை விழ வைத்தவனும் நான், அறுக்கச் சொன்னவனும் நான், இரண்டுக்கும் உன்னைக் கேட்கவில்லை. முதலாவதற்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவதை இன்னொரு தடவை கேட்டாலும் அப்படித்தான் செய்வேன்.

இரண்டு மணி நேரம் ஆனது. துண்டை அதன் இடத்தில் பொருத்தி, இரண்டு கம்பி குத்தி, விரல் நுனி மட்டும் தெரிய அக்குள் வரை மாவுக்கட்டு. மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது கோழிக்கஞ்சி, இரண்டாவது கேட்டது பாட்டி இன்னும் கோபமாக இருக்கிறாளா என்று. ஐந்து வாரம் அந்தக் கட்டோடு பள்ளிக்கூடம் போனாள், வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அதில் பூ வரைந்து, நம் வீட்டுப் பன்றித் தொட்டியைவிட அசிங்கமாக்கிவிட்டார்கள். ஆகஸ்டு கடைசியில் கட்டைப் பிரித்து, கம்பியைக் குறடால் உருவி எடுத்தார்கள். அவள் ஒரு தடவை கத்தினாள், நான் இரண்டு தடவை. கம்பி இரண்டையும் கேட்டு வாங்கித் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள், உனக்குக் காதில் போட்டுக்கொள்ளத் தருவாளாம். புதுப் படத்தில் எலும்பு சேர்ந்துவிட்டது, மணி அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, வலது கைப் படத்தோடு வைத்து எனக்கே காட்டினார் டாக்டரம்மா. ஆனால் கை இன்னும் முழுதாக நீளவில்லை, கொஞ்சம் மடங்கித்தான் நிற்கிறது, வெளிப்பக்கம் ஒரு சின்ன மேடும் இருக்கிறது. மேடு இருந்துவிட்டுப் போகட்டும், கை மூன்று நான்கு மாதத்தில் விளையாட்டிலேயே நீளும், யாரும் பிடித்து இழுக்கக் கூடாது, தடவக் கூடாது, எண்ணெய் காய்ச்சி ஊற்றக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். குருத்து ஒழுங்காக வளர்கிறதா என்று இரண்டு வருஷத்துக்கு அவ்வப்போது போய்ப் படம் எடுக்க வேண்டும். அதுவரை முழுசாகச் சரியாகிவிட்டது என்று நான் உனக்கு எழுத மாட்டேன், அதனால்தான் முக்கால் நலம் என்றேன்.

வீடு திரும்பிய மறுநாள் ஓரத்து மரத்தடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்றேன். "லோலோ, அங்கேருந்து ஹாங்காங் தெரியல. நான் நல்லாத்தான் பாத்தேன். மீன் படகு ஒண்ணுதான் தெரிஞ்சுது" என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை, சேதி சொல்கிற குரல். அந்த மரத்தின் கீழ் வெட்டுகள் நான்கையும் சிமெண்ட் பூசி அடைத்துவிட்டேன். இப்போது நான் மரம் ஏற ஏணி சாய்க்க வேண்டியிருக்கிறது, பார்க்கிறவன் எல்லாம் டூலோய்க்கு வயசாகிவிட்டது என்கிறான். சொல்லிக்கொள்ளட்டும்.

மாப்பிள்ளைக்கு நானே தனியாக எழுதுகிறேன், நீ என்னைக் காப்பாற்றி ஒன்றும் எழுத வேண்டாம். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், பிள்ளையின் கையை யாரும் தடவக் கூடாது என்று உன் அம்மாவுக்கு உன் கையால் ஒரு வரி எழுது. நான் சொன்னால் இந்த வீட்டில் இப்போது செல்லாது. பிசிங் அக்காவே வந்து எண்ணெய்க் குப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனாள், உன் அம்மா வேறு குப்பி வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அங்கே குளிர் வரப்போகிறது, காலுறை போட்டுத் தூங்கு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைவீதி சுற்றாதே, போனாலும் சாப்பிட்டுவிட்டுச் சுற்று. மாதா உன் கூடவே இருக்கட்டும், உன் கையும் காலும் நேராக இருக்கட்டும், வேலை முடிந்து நீ வந்து இறங்குகிற நாளில் மெலோய் இரண்டு கையையும் முழுதாக விரித்து ஓடிவர வேண்டும், எனக்கு வேறு ஆசையில்லை.

இந்தத் தாளின் பின்பக்கத்தில் அவளுடைய இரண்டு கைகளையும் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்திருக்கிறேன், விரலிலிருந்து முழங்கை வரை. டாக்டரம்மா பார்த்த மாதிரி நல்ல கையையும் மற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீயே பார்த்துக்கொள். இடது பக்கக் கோடு முழங்கைக்கிட்டே கொஞ்சம் கோணலாக இருக்கும். அதை நான் நேராக்கி வரையவில்லை, அவள் கை இருக்கிறபடியே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
டூலோய்